கட்டைகள் எண்ணத் தொடங்கும் இடத்தில் ஒரு தபாற்கந்தோர்

புத்தளத்துக்காரர்களுக்கு மைல்கல் என்றால் 'கட்டை'. மைல் போய்க் கிலோமீற்றர் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கட்டை என்ற சொல் பேச்சிலும் ஊர்ப்பெயரிலும் அப்படியே நிற்கிறது. பஸ்ஸில் ஏறுபவர் இறங்கும் இடத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரும் வீதியில் நடப்பட்ட கற்களுக்கெல்லாம் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் நிற்கும் எட்வர்ட் பான்ஸ் சிலைதான் அது. 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்து வீதிகள் போடுவதிலேயே குறியாக இருந்தவர் அவர். கொழும்பிலிருந்து இன்ன ஊர் இத்தனை தூரம் என்று சொல்லும்போது, அந்தத் தூரம் அளக்கப்படுவது அவர் காலடியிலிருந்துதான். அங்கிருந்து புத்தளம் சுமார் 130 கிலோமீற்றர்.

அந்தச் சிலை நிற்கும் வீதியில், மாளிகைக்கு நேரெதிரே நீண்டு கிடக்கிறது ஒரு வெள்ளைக் கட்டடம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட கொழும்புப் பிரதான தபாற்கந்தோர். நூறு வருடத்துக்கு மேல் இலங்கைத் தபால் சேவையின் தலைமையிடமாக இருந்தது அது. தூரத்துக்கு எங்கே பூச்சியமோ, தபாலுக்கும் அங்கேதான் பூச்சியம். சிலாபத்துக்கும் முந்தலுக்கும் கற்பிட்டிக்கும் வந்த கடிதங்களை ஆண்ட கந்தோர் அது.

கட்டடத்தை வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹெர்பெர்ட் பிரெடெரிக் டொமலின். செலவு 371,200 ரூபா. இதன் பாணியை எட்வர்டியன் என்று எழுதுவோர் உண்டு. ஆனால் ஏழாம் எட்வர்ட் அரியணை ஏறியது 1901இல். இந்தக் கட்டடம் எழும்பியபோது இலண்டனில் இருந்தவர் விக்டோரியா மகாராணி. வெளியே இருந்த வீதிக்கும் அப்போது ராணியின் பெயர்தான், குயின் ஸ்ட்ரீட். கட்டடத்தின் முகத்தில் ஐரோப்பியச் செவ்வியல் இலக்கணம் தெரியும். வரிசை பிடித்த தூண்கள், அரைவட்ட வளைவுகள், வெள்ளைச் சாந்துப் பூச்சு. கொழும்பின் வெயிலும் மழையும் அந்த இலக்கணத்துக்குள் புகுந்து வேலை செய்திருக்கின்றன. தடித்த சுவர் பகல் சூட்டை உள்ளே விடாது. உயர்ந்த கூரை சூடான காற்றை மேலே இழுத்துக்கொள்ளும். வளைவுகளுக்குப் பின்னால் ஓடும் விறாந்தை, முத்திரை வாங்க வந்தவரைத் திடீர் மழையிலிருந்து காக்கும்.

ஒரு தபாற்கந்தோருக்கு இவ்வளவு பெரிய மாளிகை எதற்கு? இங்கிலாந்தில் 1840க்கு முன் கடிதத்துக்குக் காசு கொடுத்தவர் பெரும்பாலும் அதைப் பெற்றவர். தூரத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறியது. ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி அந்த ஆண்டு ஒரு பென்னி முத்திரை வந்தது. நாட்டுக்குள் எங்கே போனாலும் ஒரே கட்டணம், அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டும் முறை. சாதாரண மனிதர் கடிதம் எழுதத் துணிந்தார், கடிதங்கள் பெருகின, தபாற்கந்தோர் ஊரின் நடுக்கூடமானது. ராபர்ட் ஸ்மர்க் வரைந்த இலண்டன் தலைமைத் தபாற்கந்தோர் அதற்கு முன்பே, 1829இல், கிரேக்கக் கோயில் போன்ற தூண்களோடு திறக்கப்பட்டிருந்தது. கொல்கத்தாவில் பழைய வில்லியம் கோட்டை இருந்த நிலத்தில் வால்டர் கிரான்வில் 1868இல் பெரிய குவிமாடத்தோடு ஒன்றை எழுப்பினார். சென்னைக் கடற்கரைச் சாலையில் ராபர்ட் சிஷோம் 1884இல் ஒன்றை முடித்தார்.

சென்னையையும் கொழும்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் துறைமுகத்துக்கு அருகே அமைந்தவை, பதினோரு வருட இடைவெளியில் எழுந்தவை. சிஷோம் உள்ளூர்க் கட்டடக்கலையைத் தேடிப் போய், கேரளக் கூரை வடிவத்தையும் இஸ்லாமிய வளைவுகளையும் ஐரோப்பியத் திட்டத்தோடு சேர்த்து இந்தோ-சரசனிக் பாணியில் செங்கல் மாளிகை படைத்தார். டொமலின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்று ஜனாதிபதி மாளிகையாக இருக்கும் அன்றைய ஆளுநர் மாளிகையின் எதிர்வாசலில் நிற்கப்போகும் கட்டடத்துக்கு ஐரோப்பிய முகமே போதும் என்று வரைந்தார். அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த கைகள் யாருடையவை என்பதைப் பிறகு பார்ப்போம்.

கொழும்புக்கு இந்தக் கட்டடம் தேவைப்பட்ட காரணம் கடலில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் கப்பல்கள் முன்பு காலியில்தான் நின்றன. காலிக்கு வந்த செய்தியைக் கொழும்புக்கு விரைவாகக் கொண்டுவர 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850இலிருந்து புறாக்களை வளர்த்தது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக்கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலையில்லாமல் போனது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, பத்து வருடத்தில் வேலை முடிந்தது. 1880களில் தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. கடல்கடந்த தபால் முழுவதும் ஒரே வாசலில் வந்து குவிந்தது. இலங்கை 1877இல் சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. 1885இல் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியும் தொடங்கியது. கடிதம், தந்தி, சேமிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு கூரை வேண்டியிருந்தது.

இது கட்டடம் பிறந்த கதை. தபால் பிறந்த கதை இதைவிடப் பழையது, அது நடந்த இடம் மேற்குக் கரையோரம்.

1798இல் இலங்கையின் கரையோரத்தில் ஐந்து தபாற்கந்தோர்கள் அமைந்தன. பிரித்தானியர் டச்சுக்காரரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கண்டி இன்னும் அரசன் கையில். நாட்டின் நடுவே பாதை கிடையாது. கொழும்பிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய கடிதம் கடற்கரையை ஒட்டியே வடக்கே போய் மன்னாரை அடைந்து, அங்கே தோணி ஏறி இராமேசுவரத்தில் இறங்கும். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் எல்லாம் அந்தப் பாதையின் படிகள்.

அந்தப் பாதையைத் தபாற்காரர் கால்நடையாகக் கடந்தார். கொழும்பைத் தாண்டியதும் களனி கங்கை, நீர்கொழும்புக்கு வடக்கே மகா ஓயா, சிலாபத்தருகே தெதுரு ஓயா, புத்தளத்தருகே மீ ஓயா, அதற்கப்பால் கலா ஓயா. பாலம் இல்லாத காலம். ஆறு பெருகினால் கடிதம் கரையிலே காத்துக் கிடக்கும். கலா ஓயாவுக்கு வடக்கே வில்பத்துக் காடு. சிறுத்தையும் கரடியும் யானையும் உலவும் அந்தக் காட்டைத் தாண்டித்தான் மன்னார். ஒரு தோல்பைக்குள் கிடந்த வியாபாரியின் கணக்கும், அரசாங்க உத்தரவும், யாரோ ஒருவரின் குடும்பச் சேதியும் அவர் தோளில் தொங்கின. அந்த மனிதர்களில் ஒருவர் பெயரும் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை.

கடிதம் இந்தக் கரைக்கு என்ன செய்தது என்பதைக் காண ஒருவரின் வாழ்க்கையே போதும். 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்த காலத்தில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் 'சிலோன் கெசட்டியர்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அது கோட்டையிலிருந்த திருச்சபை மிஷன் அச்சகத்தில் அச்சானது. இந்தக் கோட்டை கொழும்புத் துறைமுகக் கோட்டை இல்லை, பழைய அரசர்களின் ஜெயவர்தனபுரக் கோட்டை. 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார், பின்னர் சிலாபத்தில் நீதிபதியானார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த அவருடைய 'தமிழ் புளூட்டாக்' 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. அச்சுக்கூடம் இல்லாத உப்பளக் கரையில் இருந்துகொண்டு, தெற்கே ஒரு அச்சகத்திலும் வடக்கே ஒரு அச்சகத்திலும் நூல் வெளியிட ஒருவரால் முடிந்தது. இரண்டு திசையிலும் கடிதம் ஓடிக்கொண்டிருந்த கரை அது.

காசிச்செட்டி உயிரோடிருந்த காலத்திலேயே, 1857 ஏப்ரல் 1ஆம் திகதி, இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. இலண்டனில் பெர்கின்ஸ் பேக்கன் நிறுவனம் அச்சிட்ட ஆறு பென்ஸ் முத்திரை அது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நிறம். ஊதாவும் பழுப்பும் கலந்த மை, இலேசாக நீலம் ஏறிய தாள். நீள்வட்டத்துக்குள் விக்டோரியாவின் பக்கமுகம். கண்ணிமைக் கோடு வரை உருக்குத் தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். ஓரத்தைத் தடவினால் பல் இல்லை. தாளைக் கிழித்துப் பிரிக்கத் துளை போடும் வழக்கம் இந்த முத்திரைக்கு வந்து சேரவில்லை. தபாற்கந்தோரில் இருந்தவர் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுக்க வேண்டும். அவர் கை சற்றே கோணினால் ராணியைச் சுற்றிய கரை போய்விடும். நான்கு பக்கமும் ஒழுங்காக வெட்டுப்பட்ட முத்திரைக்கு இன்றும் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதற்குக் காரணம் அந்தக் கத்தரிக்கோல்தான். அரை அவுன்ஸ் கடிதம் ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப அந்த ஆறு பென்ஸ் போதுமாக இருந்தது.

கரையோரத்தின் பெருமை நீடித்திருந்தால் புத்தளத்திலும் ஒரு தூண் வரிசை எழுந்திருக்கும். 1845இல் வடமேல் மாகாணம் உருவானபோது அதன் தலைநகர் புத்தளம். உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்த காலம், புத்தளம் உப்பு விளையும் பூமி. கச்சேரிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கடிதங்களுக்குக் குறைவில்லை. ஆனால் கோப்பி மலைநாட்டில் விளைந்தது, அதன் பின் தேயிலையும் அங்கேதான் விளைந்தது. பணம் மலை ஏறியது, புகையிரதம் பணத்தின் பின்னால் ஏறியது. ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் குதிரைத் தபால் வண்டி 1832இல் கொழும்பிலிருந்து கண்டிக்குத்தான் ஓடியது. மாகாணத் தலைநகரும் குருநாகலுக்குப் போனது. குருநாகலுக்கு 1894இல் புகையிரதம் வந்தது. சிலாபம் 1916 வரை காத்திருந்தது, புத்தளம் 1926 வரை காத்திருந்தது.

குருநாகலுக்கு ரயில் வந்த அதே 1894இல்தான் நுவரெலியாத் தபாற்கந்தோர் கட்டப்பட்டது. சிவப்புச் செங்கல், சரிந்த கூரை, உச்சியில் கூம்புக் கோபுரம். இங்கிலாந்தின் டியூடர் கால வீட்டை அப்படியே தூக்கி மலைமேல் வைத்த மாதிரி இருக்கும். குளிர்தேடி வந்த வெள்ளைக்காரர் ஊர்நினைவோடு கடிதம் எழுத அது பொருத்தமான இடம். ஒரே வருட இடைவெளியில் எழுந்த நுவரெலியாவும் கொழும்பும் விக்டோரியா காலத் தபால் கட்டடக்கலையின் இரண்டு முகங்கள். ஒன்று தோட்டத்துரைமாரின் வீட்டு முகம், மற்றது அரசாங்கத்தின் முகம்.

அப்போது வடக்கே தபால் எப்படிப் போனது என்பதற்கு லியொனார்ட் வூல்ஃப் சாட்சி. 1905 ஜனவரியில் அரசாங்க ஊழியராக யாழ்ப்பாணம் போனவர் அவர். அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை அவர் ஏறிய 'மெயில் கோச்' ஒரு மாட்டுவண்டி. தபால் மூட்டைகள் கீழே, பிரயாணிகள் அவற்றின் மேலே. கொழும்பில் மாளிகை எழுந்து பத்து வருடம் ஆன பிறகும் யாழ்ப்பாணத்தாரின் கடிதம் மாட்டின் நடையில்தான் போய்க்கொண்டிருந்தது.

இனி அந்தக் கைகள். கொழும்புக் கட்டடத்தின் வரலாற்றை எழுதுவோர் டொமலினின் பெயரை மறப்பதில்லை. அதைக் கொந்தராத்து எடுத்துக் கட்டிமுடித்தவரின் பெயரும் அதே அளவு உரக்கச் சொல்லப்பட வேண்டும். அவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 1829இல் பிறந்து 1925 வரை வாழ்ந்த சோனகர். மக்கள் அவரை 'வாப்பிச்சி மரிக்கார் பாஸ்' என்றே அழைத்தார்கள். பாஸ் என்பது டச்சுச் சொல். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று இலங்கைத் தமிழில் இன்றும் கைத்தொழில் தலைவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். கந்தோர் என்ற சொல்லும் டச்சிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் வரைந்த கட்டடத்தை டச்சுப் பட்டம் பெற்ற தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் கட்டினார், அதற்குத் தமிழ் மக்கள் டச்சுச் சொல்லில் தபாற்கந்தோர் என்று பெயர் வைத்தார்கள்.

பழைய கொழும்பின் முகம் பெரும்பாலும் இந்த ஒருவரின் கைவேலை. புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம், கொழும்பு அருங்காட்சியகம், காலிமுகத்திடல் ஹோட்டல், விக்டோரியா ஆர்கேட் என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. அருங்காட்சியகம் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டபோது, ஆளுநர் வில்லியம் கிரகரி அவரைப் பாராட்டி, என்ன மரியாதை வேண்டும் என்று கேட்டாராம். பட்டம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடி வைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஜும்ஆ நாளுக்காகக் கேட்ட அந்த வரம் கொடுக்கப்பட்டது, நெடுங்காலம் காக்கவும்பட்டது.

தபாற்கந்தோர் எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அவர் இன்னொரு கட்டுமானத்திலும் இறங்கியிருந்தார். 1892இல் அறிஞர் சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்ந்து மருதானையில் ஒரு முஸ்லிம் பாடசாலையைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி. அந்தப் பெயர் தாங்கிய கல்லூரி புத்தளத்திலும் உண்டு. மரிக்கார் என்ற பெயரும் புத்தளம், கற்பிட்டிக் கரைக்கு வீட்டுப்பெயர்தான். கொழும்பின் கட்டடத்தைத் தங்களுடையது என்று உரிமை கொண்டாட இந்தக் கரையாருக்கு மொழி, பெயர் இரண்டும் இருக்கின்றன.

கட்டுமானத்திலும் இந்தக் கரைக்கு நீண்ட பழக்கம் உண்டு. கற்பிட்டியில் டச்சுக்காரர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டையின் சுவர் பவளக் கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் ஆனது. அந்தச் சுவரில் கையை வைத்தால் கடலுயிரின் கூட்டுத் துளைகள் விரலில் தட்டுப்படும். உப்புக் காற்று மூன்றரை நூற்றாண்டாக அரித்தும் சுவர் நிற்கிறது. கடல் தந்த கல்லை எடுத்துக் கடலுக்கே எதிராக நிறுத்தத் தெரிந்தவர்கள் வாழ்ந்த கரை இது.

கட்டியவரும் சுமந்தவரும் போய், இப்போது கட்டடங்களே தங்கள் இருப்புக்குப் போராடுகின்றன. சென்னையில் சிஷோமின் கட்டடத்துக்குள் 2000இல் பெருந்தீ புகுந்து உள்பகுதியின் பெரும்பங்கை அழித்தது. கொழும்பில் போர் வந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடம் குண்டில் சிதைந்தது அதே வீதியில்தான். ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே பொதுமக்கள் தாராளமாக வந்துபோகும் ஒரு கந்தோர் இருப்பது பாதுகாப்பில்லை என்று ஆனது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் தபால் தலைமையிடம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக்குப் போய்விட்டது. ஆளுநர் மாளிகைக்கு எதிரே இருப்பது 1895இல் பெருமையாக இருந்தது. நூறு வருடம் கழித்து அதே அண்மை கட்டடத்தின் வாசலை மூடியது.

நுவரெலியாவில் ஆபத்து வேறு வடிவில் வந்தது. அந்தக் கட்டடத்தை ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் நாடு முழுவதும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்காகச் செய்யாத வேலைநிறுத்தம் அது. செங்கல்லும் கோபுரமும் சுற்றுலாப் பயணிக்குப் படமாகலாம். கடிதம் பிரிப்பவருக்கு அது வேலை செய்யும் வீடு. விடமாட்டோம் என்று அவர்கள் வீதிக்கு வந்தது மரபுரிமை பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட வலிமையான பேச்சு.

புத்தளத்துக்குக் கோபுரமும் வரவில்லை, தூண் வரிசையும் வரவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் முகவரி என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பல குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கின. தபாற்காரர் ஒரு காலத்தில் வடக்கே நடந்த கரைக்கு இணையாக, கடல்வழியே, அவர்கள் தெற்கே வந்தார்கள். வீடும் போய், கடிதம் வந்துசேர ஒரு விலாசமும் இல்லாத நாட்கள் அவை. பிறகு பாலாவிக்கு அருகே நாகவில்லில் அவர்கள் குடியேறிய இடத்துக்குத் தங்கள் ஊரின் பெயரையே வைத்தார்கள். மன்னாரில் ஓர் எருக்கலம்பிட்டி, புத்தளத்தில் ஓர் எருக்கலம்பிட்டி. உறையின் மேல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதினால் கடிதம் எந்தப் பக்கமும் போகலாம். அதற்குக் கீழே 'நாகவில்லு' என்று ஒரு வரி சேர்த்தால் அது பாலாவிப் பக்கம் வரும், தபாற்காரரின் சைக்கிள் சரியான ஒழுங்கைக்குள் திரும்பும்.